சுவர்க்கோழி வறுவலும் சுவர்க்கோழி மாவும்: சிங்கப்பூரில் வாங்கிய இரண்டு பொருள்களின் மதிப்பீடு

சிங்கப்பூரில் வாங்கிய இரண்டு பூச்சி உணவுப் பொருள்களை இங்கே மதிப்பிடுகிறேன். ஒன்று, மிளகாய்த்தூளும் எலுமிச்சை இலையும் சேர்த்து முழுதாக வறுத்த சுவர்க்கோழிகள் அடங்கிய சிறிய பொட்டலம். மற்றொன்று, கொழுப்பு நீக்கி அரைத்த சுவர்க்கோழி மாவு. இரண்டும் தென்கிழக்காசியப் பண்ணைகளில் வளர்க்கப்பட்ட பூச்சிகளிலிருந்து செய்யப்பட்டவை. நிறுவனங்களின் பெயர்களை நான் குறிப்பிடப் போவதில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல, இவ்வகைப் பொருள்கள் பெரும்பாலானவற்றுக்கும் பொருந்தக்கூடியவை.

பூச்சி உணவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அருவருப்பைத் தாண்டியது எப்படி, சுவை எப்படியிருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சுவையைப் பற்றி நானும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் புதிதாகச் சந்தைக்கு வந்திருக்கும் உணவொன்றை வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இது எந்தப் பூச்சி, எங்கே வளர்ந்தது, எதைத் தின்று வளர்ந்தது, யார் இதைச் சாப்பிடக்கூடாது? இந்த நான்குக்கும் பொட்டலமே பதில் சொல்ல வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. அந்த அளவுகோலைக் கொண்டுதான் இரண்டையும் பார்த்தேன்.

பொருள்களுக்கு வருமுன், அவை எந்த அனுமதியின் பேரில் கடைக்கு வந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர் உணவு அமைப்பு 2024 ஜூலை 8 அன்று, 16 பூச்சி இனங்களை மனித உணவாகவும், உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கான தீவனமாகவும் அனுமதிப்பதாக அறிவித்தது. 2022-இன் இறுதியில் இதுகுறித்துக் கருத்துக் கேட்கப்பட்டிருந்தது. 2023-இன் பிற்பாதியில் எதிர்பார்க்கப்பட்ட முடிவு தள்ளிப்போய், 2024-இன் நடுவில்தான் வெளிவந்தது. தனக்குத் தேவையான உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாடு இது. ஆகவே, எதை உள்ளே விடுவது, எந்தச் சான்றின் பேரில் விடுவது என்பதில் இந்த அமைப்பு காட்டும் நிதானம் தாமதமாகத் தோன்றினாலும், அதை நான் குறையாகக் கருதவில்லை.

அந்த 16 இனங்களில் சுவர்க்கோழி வகைகளும் வெட்டுக்கிளி வகைகளும் இருக்கின்றன. மாவுப்புழுவும் அதன் உறவினங்களும், மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்களும், கொரியாவில் உண்ணப்படும் வண்டுப் புழுக்களும், பட்டுப்புழுவும், மேற்கத்தியத் தேனீயும் இருக்கின்றன. பட்டியல் இனத்தை மட்டும் சொல்வதோடு நிற்கவில்லை. எந்தப் பருவத்தில் உண்ணலாம் என்பதையும் வரையறுக்கிறது. சுவர்க்கோழியும் வெட்டுக்கிளியும் வளர்ந்த பூச்சியாக அனுமதிக்கப்படுகின்றன. மாவுப்புழு புழுப் பருவத்தில் அனுமதிக்கப்படுகிறது. ஒரே பூச்சி முட்டையிலிருந்து வெளிவந்து இறக்கை முளைக்கும்வரை உடலின் அமைப்பிலும் கொழுப்பின் அளவிலும் பெரிதும் மாறுவதால், ஒரு பருவத்துக்குக் கிடைத்த பாதுகாப்புச் சான்று மற்றொரு பருவத்துக்குத் தானாகச் செல்லாது. பட்டியலில் இல்லாத இனத்தைக் கொண்டுவர விரும்புபவர், அதைப் புதுவகை உணவாகக் கருதி, தனியாகப் பாதுகாப்பு மதிப்பீட்டுக்கு உட்படுத்த வேண்டும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, காட்டிலோ வயலிலோ பிடித்த பூச்சிகளுக்கு இடமில்லை என்ற விதி. கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பண்ணைகளில், உணவுப் பாதுகாப்பு முறைகளோடு வளர்க்கப்பட்டவையாகவே இருக்க வேண்டும். இது வெறும் கெடுபிடி என்று நினைப்பவர்கள் கலிஃபோர்னியாவின் மாண்டரே வட்டாரத்தில் நடந்ததை அறிந்துகொள்ள வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் அங்கே குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது கண்டறியப்பட்டு, காரணத்தைத் தேடியபோது, மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்திலிருந்து உறவினர்கள் அனுப்பிவந்த உலர்ந்த வெட்டுக்கிளிகளில் ஈயம் மிகுதியாக இருப்பது தெரியவந்தது. வெட்டுக்கிளி என்ற உணவின் மீது அங்கே குற்றம் இல்லை. அந்த ஊர் மக்கள் தலைமுறைகளாகத் தின்றுவருவதுதான் அது. அந்த வெட்டுக்கிளி எந்த மண்ணில் மேய்ந்தது, எந்தப் பாத்திரத்தில் சமைக்கப்பட்டது என்பதை அறிய வழியே இல்லாமல் போனதுதான் சிக்கல். பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்ட வயலில் பிடித்த வெட்டுக்கிளிக்கும் இதே நிலைதான்.

இந்த விதியின்படி, தமிழ்நாட்டுக் கிராமங்களில் மழை விட்ட மாலையில் விளக்கு வைத்துப் பிடித்து, இறகு உதிர்த்து, வறுத்த அரிசியோடு கலந்து உண்ணும் ஈசலைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து விற்க முடியாது. அது பட்டியலிலும் இல்லை, பண்ணையில் வளர்க்கப்படுவதும் இல்லை. ஈசலின் மணத்தை அறிந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனாலும், புற்று எந்த வயலின் ஓரத்தில் இருந்தது என்று சொல்லத் தெரியாத ஒன்றைப் பொட்டலமிட்டு, முகமறியாதவர்களுக்கு விற்பது வேறு. தன் ஊர் மண்ணை அறிந்தவர் தன் வீட்டாருக்குப் பிடித்து வறுப்பது வேறு. சந்தைக்கான சட்டம் முன்னதைத்தான் பார்க்க முடியும்.

இனி வறுவல். பொட்டலத்தின் முன்பக்கத்தில் சுவர்க்கோழியின் படம் தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறது. இது பூச்சி என்பதை மறைக்கும் முயற்சி எதுவும் இல்லை. முன்கூட்டியே பொதியப்பட்ட உணவில் பூச்சி இருந்தால், அதன் உண்மையான தன்மையைச் சிட்டையில், அதாவது பொட்டலத்தில் விவரங்களை அச்சிடும் பகுதியில், குறிப்பிட வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. அந்த விதி இங்கே நேர்மையாகப் பின்பற்றப்பட்டிருக்கிறது. பின்பக்கத்தில் அக்கீட்டா டொமெஸ்டிகஸ் என்ற அறிவியல் பெயரும், தயாரான நாடும், இறக்குமதியாளரின் முகவரியும் இருக்கின்றன. என் முதல் இரண்டு கேள்விகளில் முதலாவதற்கு முழுப் பதிலும், இரண்டாவதற்குப் பாதிப் பதிலும் கிடைத்தன. நாடு தெரிகிறது; பண்ணை தெரியவில்லை.

சுவையில் இது தேறுகிறது. கடித்ததும் நொறுங்கும் மேலோடு, அதனுள் ஏறக்குறைய ஒன்றுமில்லாத வெறுமை, பிறகு மெதுவாக எழும் காய்ந்த இறாலின் வாசம், கடைசியில் வறுத்த கொட்டைகளின் எண்ணெய்ச் சுவை என்று வரிசையாக வருகின்றன. மிளகாய் சற்று அதிகம். அது பூச்சியின் சொந்தச் சுவையை மூடுவதற்காகவே சேர்க்கப்பட்டதாகத் தோன்றுகிறது, அது தேவையற்றது. பின்னங்கால்களின் முட்கள் தொண்டையில் உரசுகின்றன. தாய்லாந்துத் தெருக்கடைகளில் சுவர்க்கோழியை வறுத்துத் தருபவர்கள் காலைக் கிள்ளிவிட்டு உண்ணச் சொல்வதற்குக் காரணம் இதுதான். பொட்டலத்தில் அதுபற்றி ஒரு வரியும் இல்லை. சிறு பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள் காலையும் இறக்கையையும் நீக்கிவிட்டே கொடுக்க வேண்டும்.

நான் இந்தப் பொட்டலத்துக்கு மதிப்பெண் குறைப்பது சுவைக்காக அல்ல, ஒவ்வாமை எச்சரிக்கைக்காக. இறால், நண்டு ஆகியவற்றின் தசையில் உள்ள டிரோபோமையோசின் என்ற புரதம் சுவர்க்கோழியிலும் மாவுப்புழுவிலும் ஏறக்குறைய அதே வடிவில் இருக்கிறது. இறால் ஒவ்வாத ஒருவரின் உடல், சுவர்க்கோழியை இறாலாகவே எண்ணி எதிர்வினை ஆற்றக்கூடும். வறுத்தாலும் அவித்தாலும் இந்தப் புரதம் நம்பத்தகுந்த அளவில் அழிவதில்லை. வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிகளால் ஒவ்வாமை கொண்டவர்களுக்கும் இதே ஆபத்து இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் தான் அனுமதித்த ஒவ்வொரு பூச்சிப் பொருளிலும், இறால் நண்டு வகைகளாலும் தூசி உண்ணிகளாலும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்ற வாசகத்தை, பொருள் பட்டியலுக்கு மிக அருகிலேயே அச்சிட வேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறது. நான் வாங்கிய வறுவலில் எச்சரிக்கை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஆங்கிலத்தில் மட்டும், பொட்டலத்தின் அடிமடிப்பில், பட்டைக்குறியீட்டுக்குக் கீழே, தயாரான நாட்டின் பெயரைவிடச் சிறிய எழுத்தில் இருக்கிறது. தூசி உண்ணியைப் பற்றிப் பேச்சே இல்லை.

என் தங்கை மகனுக்கு இறால் ஒவ்வாது. சிங்கப்பூரில் வளர்ந்த பிள்ளைகளிடையே இறால், நண்டு ஒவ்வாமை பரவலாகக் காணப்படுவது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. அவன் வயதுப் பிள்ளைகள் இறாலைத் தவிர்க்கப் பழகியிருப்பார்கள். சுவர்க்கோழியைத் தவிர்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். பள்ளியில் நண்பர்கள் சவால் விட்டு நீட்டும் வறுவலை அவன் சிரித்துக்கொண்டே வாயில் போட்டுவிடக்கூடும். அந்த ஒரு காரணத்துக்காகவே எச்சரிக்கை பொட்டலத்தின் முன்பக்கத்தில், பூச்சியின் படத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உணவகத்தில் தட்டில் வரும் பூச்சி உணவுக்குச் சிட்டையும் இல்லை. அங்கே பரிமாறுபவர் தாமாகவே கேட்டுத் தெரிந்துகொண்டு பரிமாறுவதை வழக்கமாக்க வேண்டும். அதுவரை ஒவ்வாமை உள்ளவர்கள் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மாவு எல்லா வகையிலும் மேலான பொருள். இந்த மாவைச் செய்யும் முறையை ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஜனவரியில் கொழுப்பு நீக்கிய சுவர்க்கோழி மாவுக்கு வழங்கிய அனுமதியில் விரிவாகக் காணலாம். பூச்சிகளை 24 மணி நேரம் பட்டினி போட்டு, குடலை வெறுமையாக்கி, உறையவைத்து, கழுவி, வெப்பத்தால் பதப்படுத்தி, எண்ணெயைப் பிழிந்தெடுத்து, பின்னர் அரைக்கிறார்கள். பட்டினி போடுவது இரக்கமற்ற செயலாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் முழுப் பூச்சியையும் குடலோடு சேர்த்து உண்ணும்போது, அந்தக் குடலில் இருப்பதும் நம் உணவாகிறது என்பதால், இந்தப் படியைத் தவிர்ப்பதற்கில்லை. நான் வாங்கிய மாவின் சிட்டையில் பட்டினிக் காலமும் வெப்பப் பதப்படுத்தலும் ஒரே வரியில் சொல்லப்பட்டிருக்கின்றன. இறால் ஒவ்வாமை எச்சரிக்கை பொருள் பட்டியலை ஒட்டி, தடித்த எழுத்தில் இருக்கிறது. ஒரு சிட்டை இப்படித்தான் இருக்க வேண்டும்.

மாவின் நிறம் இளம்பழுப்பு. மூடியைத் திறந்ததும் வரும் வாசம் கருவாட்டுத்தூளை நினைவுபடுத்தினாலும் அதைவிட மென்மையானது. புளிப்போ கெட்ட எண்ணெயின் நெடியோ இல்லை. கோதுமை மாவுக்கு மாற்றாக இதைப் பயன்படுத்த முடியாது, ஏனெனில் இதில் பசைத்தன்மை கிடையாது. சப்பாத்தி மாவில் அதிகம் கலந்தால் விரிசல் விடுகிறது. அடையில் நன்றாகச் சேர்கிறது. பருப்புகளின் கரகரப்பிலும் காய்ந்த மிளகாய், பெருங்காயத்தின் மணத்திலும் மாவின் வாசம் இயல்பாக ஒன்றிவிடுகிறது. எள்ளும் உளுந்தும் வறுத்து அரைக்கும் இட்லிப்பொடியில் சிறிது கலந்தபோது, மாசிக்கருவாடு சேர்த்த பொடியின் சுவை கிடைத்தது; எங்கள் வீட்டில் அதுதான் எல்லோருக்கும் பிடித்தது. பாயசம், கேசரி போன்ற இனிப்புகளில் இதைச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தோசை மாவில் கலப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மாவு புளிப்பதற்கு முன்பே இதைக் கலந்து இரவு முழுவதும் வெளியே வைக்க வேண்டாம். பதப்படுத்தும் வெப்பம் பெரும்பாலான நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டாலும், பசில்லஸ் வகை நுண்ணுயிர்களின் வித்துகள் வெப்பத்தைத் தாங்கி உயிர்வாழக்கூடியவை. ஈரமும் சூடும் கிடைத்தால் அவை மீண்டும் பெருகும். பூச்சி உணவின் பாதுகாப்பை ஆராய்ந்தவர்கள் தொடர்ந்து சுட்டிக்காட்டும் ஆபத்துகளில் இதுவும் ஒன்று. மாவு புளித்த பிறகு, கல்லில் ஊற்றுவதற்குச் சற்று முன் தேவையான அளவுக்கு மட்டும் எடுத்துக் கலப்பதே நல்லது. சிட்டையில் உலர்ந்த இடத்தில் வைக்கவும் என்று மட்டும் இருக்கிறது. கலந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதும் இருந்திருக்கலாம்.

சிட்டையில் நான் ஏற்க மறுப்பது புரதக் கணக்கை. 100 கிராம் மாவில் 72 கிராம் புரதம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். உணவில் உள்ள புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, அதை 6.25 என்ற எண்ணால் பெருக்கிப் புரதமாகக் கணக்கிடுவதே வழக்கம். இறைச்சிக்கும் பாலுக்கும் ஓரளவு பொருந்தும் இந்த முறை, பூச்சிக்கு வரும்போது தடுமாறுகிறது. பூச்சியின் மேலோட்டிலுள்ள கைட்டின் என்ற பொருளிலும் நைட்ரஜன் இருக்கிறது. ஆனால் அது புரதம் அல்ல, பெரும்பகுதி செரிக்காத நார். மாவுப்புழு, தீவனத்துக்காக வளர்க்கப்படும் கறுப்பு சிப்பாய் ஈ என்ற ஈயின் புழு போன்றவற்றுக்கு 4.76 என்ற பெருக்கெண்ணே சரியாக இருக்கும் என்று 2017-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. சுவர்க்கோழிக்கு இந்த எண் சற்று மாறினாலும், 6.25 உண்மையைவிடக் கூட்டிச் சொல்கிறது என்பதில் ஐயமில்லை; ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் தன் மதிப்பீடுகளில் இதைக் குறிப்பிட்டிருக்கிறது. ஆகவே அந்த 72 கிராமை நான் 60 கிராம் என்ற அளவிலேயே எடுத்துக்கொள்கிறேன். அதுவும் குறைவல்ல. பாசிப்பருப்பில் ஏறத்தாழ 24 கிராம்தான். இருப்பதே போதுமான சிறப்பாக இருக்கும்போது, கூட்டிச் சொல்ல என்ன தேவை என்பதே என் கேள்வி. நிறுவனம் சட்டத்தை மீறவில்லை. சிட்டைக்கான பொதுவான கணக்கு முறையே அப்படி இருக்கிறது. மாற்ற வேண்டியது அந்த முறையை.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது இந்தச் சுவர்க்கோழிகள் எதைத் தின்று வளர்ந்தன என்ற கேள்விக்கு, இரண்டு பொட்டலங்களிலும் பதில் இல்லை. இந்த மதிப்பீட்டில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். பூச்சி எதைத் தின்கிறதோ அதிலுள்ள கன உலோகங்கள் அதன் உடலில் தங்கக்கூடும். கறுப்பு சிப்பாய் ஈயின் புழுவில் காட்மியமும், மாவுப்புழுவில் ஆர்சனிக்கும் சேர்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையும், பூச்சி உணவின் ஆபத்து எவ்வளவு என்பது பெரும்பாலும் அது எந்த இனம், எந்தப் பருவத்தில் அறுவடையானது, எந்த ஊட்டத்தில் வளர்ந்தது, பிறகு எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்பவற்றையே பொறுத்தது என்று கூறியது.

இந்தக் கவலையின் வேர் பூச்சியில் இல்லை, மாட்டில் இருக்கிறது. 1980-களில் பிரிட்டனில் மாடுகளுக்கு இறைச்சியும் எலும்பும் அரைத்த தூளைத் தீவனமாகக் கொடுத்ததால் பரவிய மூளை நோய், மனிதர்களையும் எட்டியது. அதன் விளைவாக ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல், விலங்குப் புரதத்தை உணவு விலங்குகளுக்குத் தீவனமாகக் கொடுப்பதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பூச்சியும் விலங்குதான் என்பதால் அந்தத் தடை அதன் மீதும் விழுந்தது. 2017 ஜூலையிலிருந்து ஏழு பூச்சி இனங்களின் புரதத்தை வளர்ப்பு மீன்களுக்கும், 2021-இல் கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் கொடுக்க அனுமதி கிடைத்தது. பின்னர் பட்டுப்புழு எட்டாவதாகச் சேர்ந்தது. மாடு, ஆடுகளுக்கு இன்றும் அனுமதி இல்லை. அதோடு, பண்ணைப் பூச்சி ஐரோப்பியச் சட்டத்தின் பார்வையில் பண்ணை விலங்கு. ஆகவே மாட்டுக்குக் கொடுக்கக்கூடாத உணவகக் கழிவையும், சாணத்தையும், இறைச்சிக்கூடக் கழிவையும் அதற்கும் கொடுக்க முடியாது. பூச்சி கழிவைத் தின்று புரதமாக்கும் என்ற பெரிய வாக்குறுதியை இந்த விதி வெகுவாகக் குறுக்குகிறது என்று பூச்சி வளர்ப்பவர்கள் வருந்துவதில் நியாயம் உண்டு. ஆனால் எந்தக் கழிவில் என்ன இருக்கிறது என்று உறுதிசெய்ய இயலாதவரை, விதியைத் தளர்த்துவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

சிங்கப்பூரிலும் பூச்சிக்குக் கொடுக்கும் ஊட்டம் தூய்மையானதாகவும் எங்கிருந்து வந்ததென்று தொடர்ந்து அறியக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. அதற்கான ஆவணங்களை இறக்குமதியாளர் வைத்திருக்கிறார், அதிகாரிகள் பார்க்கிறார்கள். வாங்குபவரின் கைக்கு மட்டும் அது வருவதில்லை. மாவின் இறக்குமதியாளருக்கு நான் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டபோது, சோயாவும் சோளமும் சேர்ந்த கோழித்தீவனம் போன்ற கலவையும் மரவள்ளி இலையும் கொடுக்கிறோம் என்று மரியாதையோடு பதில் வந்தது. அந்தப் பதிலின் நீளம் ஒரு வரி. வறுவலின் இறக்குமதியாளரிடமிருந்து பதில் வரவில்லை. இதைக் கொண்டு அவர்களிடம் தவறு இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். தாய்லாந்து சுவர்க்கோழிப் பண்ணைகளுக்கென்றே 2017-இல் நல்ல வேளாண் நடைமுறைத் தரத்தை வகுத்த நாடு. அங்கே சுமார் 20,000 பண்ணைகள் இருப்பதாக உலக உணவு வேளாண் அமைப்பின் வெளியீடு 2013-இலேயே குறிப்பிட்டது. அந்தத் தரத்தின் முத்திரை பொட்டலத்தில் இருந்திருந்தால் நான் மின்னஞ்சல் அனுப்பியிருக்கவே மாட்டேன்.

தீவனப் பக்கத்தில் இந்த மௌனம் இன்னும் ஆழமானது. சுவர்க்கோழி மாவை வாங்குபவர், தான் பூச்சியை உண்பதை அறிந்தே உண்கிறார். பூச்சிப் புரதம் தின்று வளர்ந்த பண்ணை மீனை வாங்குபவருக்கு அதை அறிய வழியில்லை. மீனின் தசையில் பூச்சி இல்லை என்பதால், உடல்நலக் கோணத்தில் இதைப் பெரிய ஆபத்தாக நான் கருதவில்லை. பிடிபட்ட சிறு மீன்களை அரைத்து வளர்ப்பு மீனுக்குப் போடுவதைவிடப் பூச்சியைப் போடுவது கடலுக்கு நல்லது என்பதே என் எண்ணம். ஆயினும் ஒவ்வொருவருக்கும் தமக்கென உணவு நெறிகள் உள்ள சமூகத்தில், கேட்பவருக்குச் சொல்லும் கடமை விற்பவருக்கு உண்டு. ஐரோப்பாவில் கறுப்பு சிப்பாய் ஈயின் புழு தீவனமாக அனுமதிக்கப்பட்டும், மனித உணவாக இன்னும் அனுமதி பெறாமல் இருக்கிறது. ஒரே பூச்சிக்கு இரண்டு வாசல்களில் இரண்டு அளவுகோல்கள் இருப்பது சரிதான், ஏனெனில் நேரடியாக உண்பதும் மீன் வழியாக உண்பதும் ஒன்றல்ல. இரண்டு வாசல்களிலும் பெயர்ப்பலகை இருக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

சிங்கப்பூரின் முறைக்கும் ஐரோப்பாவின் முறைக்கும் உள்ள ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் விடமுடியாது. ஐரோப்பாவில் ஒவ்வொரு நிறுவனமும் தன் பொருளுக்குத் தனியே விண்ணப்பிக்கிறது. தன் ஆய்வுத் தரவுகளுக்கு ஐந்தாண்டுப் பாதுகாப்பும் பெறலாம். அந்தக் காலத்தில் அதே பொருளை விற்க விரும்பும் இன்னொருவர், தம் சொந்தத் தரவுகளோடு வர வேண்டும். 2021-இல் உலர்ந்த மாவுப்புழுவோடு தொடங்கிய அந்த அனுமதிகள் இன்றும் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருக்கின்றன. சிங்கப்பூரோ, ஐரோப்பிய ஒன்றியம், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்கொரியா, தாய்லாந்து ஆகிய இடங்களின் அனுபவத்தைப் பார்த்து, இனங்களின் பட்டியலை ஒரேயடியாக வெளியிட்டு, நிபந்தனைகளை நிறைவேற்றும் எவருக்கும் கதவைத் திறந்தது. சிறு வணிகருக்கு இது நல்லது. ஆனால் பொருள்வாரியாக நுணுகிப் பார்க்கும் வாய்ப்பு இதில் குறைவு என்பதால், சிட்டை சுமக்க வேண்டிய பொறுப்பு கூடுகிறது. ஒரே விதியின் கீழ் வந்த என் இரண்டு பொட்டலங்களுக்கு இடையே இவ்வளவு தூரம் இருப்பதே அதற்குச் சான்று.

சைவ உணவு உண்பவர்களுக்கு ஒன்று. பூச்சி மாவு கலந்த பிஸ்கட்டும் மாவுப்பண்டமும் வரும் காலத்தில், பொருள் பட்டியலைப் படிக்கும் பழக்கம் முன்னைவிட அதிகம் தேவைப்படும். காக்சினியல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறமி E120 என்ற குறியீட்டோடு இனிப்புகளிலும் பானங்களிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கவனித்துத் தவிர்க்கக் கற்றவர்களுக்கு இதுவும் கடினமாக இராது.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டும் விலை கூடியவை. வறுவல், அதே எடையுள்ள வறுத்த நிலக்கடலையைப் போலப் பல மடங்கு. மாவும் புரதத்துக்குப் புரதம் கணக்கிட்டால் பருப்பையும் முட்டையையும்விட வெகுவாக விலை கூடியது. மலிவான புரதம் தேடுபவர்களுக்கு இன்று இது வழியல்ல. மீன் தீவனத்துக்கான பூச்சிப் புரதமும் இதே விலைச் சிக்கலில்தான் இருக்கிறது.

வறுவலை நான் பரிந்துரைக்கவில்லை. சிட்டையைத் திருத்தி, எச்சரிக்கையை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தால் மீண்டும் வாங்கிப் பார்ப்பேன். மாவைப் பரிந்துரைக்கிறேன். முதலில் மிகக் குறைந்த அளவில், இட்லிப்பொடியிலோ அடையிலோ தொடங்கலாம். இறால், நண்டு, தூசி ஆகியவற்றால் ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரண்டையும் தொடவே வேண்டாம். அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால், மாவு கலந்த பொடிக்குத் தனி டப்பாவும் தனிக் கரண்டியும் வைத்து, டப்பாவின் மேல் பெயரை எழுதி ஒட்டுங்கள். திறந்த பையைக் காற்றுப் புகாமல் மூடி, குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் எண்ணெய் நெடி ஏறாமல் இருக்கும்.